சிறையிருந்த மந்திரி

சதுரங்கப் பலகையின் முன் உட்காரும் மனிதர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். வெள்ளைக் காய் கிடைத்தால் சந்தோஷப்படுகிறவர்கள் ஒரு வகை. கறுப்புக் காய் கிடைத்தால் துக்கப்படுகிறவர்கள் மற்றொரு வகை. நான் இரண்டு வகையிலும் சேர்ந்தவன்.

எதிராளி தம் ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாயை நகர்த்தி ஆரம்பித்தாலாவது எனக்குக் கொஞ்சம் தைரியம் இருக்கும். சண்டை உடனே மூண்டுவிடும்; பத்து நிமிஷத்தில் யார் பிழைத்தார், யார் மாண்டார் என்று தெரிந்துவிடும். ஆனால் ராணிக்கு முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு, அதன் பக்கத்துச் சிப்பாயையும் சாவகாசமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வெற்றிலைச் செல்லத்தைத் திறக்கும் ஆசாமிகள் இருக்கிறார்களே, அவர்களைக் கண்டால்தான் எனக்குக் குலை நடுக்கம். எங்கள் அண்டை வீட்டில் இருக்கும், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் அந்த ரகத்தைச் சேர்ந்தவர். அவர் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் என் காய்கள் மூச்சு விட இடமின்றி ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கும்.

என் பாட்டனார் காலத்து ஆட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை. நம் நாட்டுப் பழைய முறையில் சிப்பாய் எப்பொழுதும் ஒரு கட்டந்தான் நகரும். முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாவுவது மேல்நாட்டார் ஏற்படுத்திக்கொண்ட அவசரம். பாட்டனார் அதை ஒப்புக்கொண்டதே இல்லை. "சிப்பாய்க்கு என்னடா அவ்வளவு வேகம்? பொழுதா போய்விட்டது?" என்பார். அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது. விளங்கவைத்தவள் ஏழாம் வகுப்பில் படித்த ஒரு சிறு பெண்.

*

நான் கணக்கு வாத்தியார். எங்கள் பள்ளிக்கூடத்தில் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. இதற்கு என்னிடம் இருந்த ஒரே தகுதி, மற்ற ஆசிரியர்களுக்கு ஆடத் தெரியாது என்பதுதான். கற்றுக்கொள்ள வந்த குழந்தைகளில் ஒரு பெண்ணுக்கு மட்டும் அபாரமான புத்தி. தகப்பனார் கைத்தறி நெசவாளி. வீட்டில் பலகை கிடையாது. பழைய காலண்டர் அட்டையின் பின்புறத்தில் கட்டம் போட்டு, பொத்தான்களை வைத்து ஆடிப் பழகியவள் அவள்.

அவளை ஜில்லாப் போட்டிக்கு அனுப்பத் தீர்மானித்தேன். ராணிச் சிப்பாய் ஆட்டத்துக்கு எதிராகக் கறுப்பு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த மிகப் பிரமாதமான வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன். அதற்கு ஆல்பின் எதிர்க் காம்பிட் என்று பெயர். வெள்ளையின் இரண்டு சிப்பாய்களும் முன்னேறியவுடன், கறுப்பு தன் ராஜாச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, "வேண்டுமானால் எடுத்துக்கொள்" என்று நீட்டிவிடும். வெள்ளை அதை எடுத்துக்கொண்டு, பிறகு அசட்டையாக இரண்டு நகர்வுகள் செய்துவிட்டால் ஏழாவது நகர்விலேயே ஓர் அற்புதம் நிகழும். கறுப்புச் சிப்பாய் ஒன்று வெட்டிக்கொண்டே போய்க் கடைசி வரிசையை அடைந்து, ராணியாக மாறாமல் குதிரையாக மாறி, ராஜாவுக்குச் செக் வைக்கும்! இதற்கு 'லாஸ்கர் பொறி' என்று பெயர். இதைப் பலகையில் நடத்திக் காட்டியபோது குழந்தைகள் கை தட்டினார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

போட்டியில் என்ன நடந்தது என்று சொல்லவும் வேண்டுமா? எதிரே உட்கார்ந்த பெண் அந்தத் தவறுகளைச் செய்யவில்லை. குதிரையை வெளியே எடுத்தாள், மந்திரியை மூலையோரம் வைத்தாள், கோட்டை கட்டிக்கொண்டாள். இனாமாகக் கொடுத்த சிப்பாய் திரும்பி வரவில்லை. முன்னே போன மற்றொரு சிப்பாயும் பறிபோயிற்று. அன்று கறுப்புக் காயுடன் ஆடிய ஆட்டங்கள் எல்லாவற்றிலும் இதே கதை.

வெளியே வந்த குழந்தை என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்: "நீங்கள் சொன்னபடிதானே ஸார் ஆடினேன்? அவள் அந்தத் தப்பைச் செய்யவே இல்லையே!"

இருபது வருஷ உபாத்தியாய வாழ்க்கையில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இதற்குச் சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் அவள் தகப்பனார் வந்தார். இரண்டு நாள் தறியை நிறுத்திவிட்டுப் போட்டிக்கு அழைத்துப் போனவர் அவர்; அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஜெயிக்கவில்லையே என்று வருத்தமில்லை ஸார். குழந்தை சரியாகச் சாப்பிடவில்லை. தூக்கத்தில்கூட ஏதோ முணுமுணுக்கிறாள். விளையாட்டுக்காக இப்படி அழலாமா? வேண்டாம் ஸார், விட்டுவிடலாம்" என்றார்.

"எனக்கு இரண்டு மாதம் அவகாசம் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். எதற்காகக் கேட்டேன் என்று அப்பொழுது எனக்கே நிச்சயமாய்த் தெரியாது.

*

அன்று மாலை ஸ்டேஷன் மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிதானமாக வெற்றிலையின் காம்பைக் கிள்ளினார். "வாத்தியாரே, எதிராளி தப்புச் செய்தால் ஜெயிக்கிற வழியைச் சொல்லிக்கொடுத்தீர். அவன் தப்பே செய்யாவிட்டால் பிழைக்கிற வழியை யார் சொல்லிக்கொடுப்பது?" என்றார்.

கோபம் வந்தது, ஆனால் உண்மையைச் சொன்னவரிடம் எத்தனை நேரம் கோபித்துக்கொள்ள முடியும்? "அப்படியானால் நீங்களே ஒரு வழி சொல்லுங்கள். தேசாபிமானத்துக்காவது இந்தியத் தற்காப்பைக் கற்றுக்கொள்ளட்டுமா?" என்றேன்.

இந்தியத் தற்காப்பு என்பது வெறும் அலங்காரப் பெயர் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவில் மகேஷ் சந்திர பானர்ஜி என்று ஒருவர் இருந்தார். ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து பாரிஸ்டருடன் அவர் ஆடிய ஆட்டங்கள் பல இன்றும் அச்சில் இருக்கின்றன. நடுக் கட்டங்களை எதிராளிக்கு விட்டுக்கொடுத்து, மந்திரிகளை ஓரத்தில் பதுக்கிவைத்துப் பிறகு பாய்வது அவருடைய வழக்கம். ஒரே கட்டம் நகரும் சிப்பாயுடன் பழகிய கைக்கு அது இயற்கையாக வந்த வழி.

"நல்ல வழிதான், ஆனால் அது கத்திமேல் நடப்பது. முதலில் தரைமேல் நடக்கக் கற்றுக்கொள்ளும்" என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லிவிட்டு, பலகையில் கறுப்பின் ராணிச் சிப்பாயை டி5-லும், ராஜாச் சிப்பாயை இ6-லும் வைத்தார். ராணி காம்பிட்டை மறுத்தல் என்று இந்த ஏற்பாட்டுக்குப் பெயர். முன்னே நிற்கும் சிப்பாயைப் பின்னே நிற்கும் சிப்பாய் தாங்குகிறது. தூண்டிலில் மாட்டிய புழுவைத் தின்பதும் இல்லை; தூண்டிலைப் பிடுங்கப் பாய்வதும் இல்லை. 1927-ம் ஆண்டு புவனோஸ் ஏர்ஸ் நகரில் காபபிளாங்காவும் அலேகினும் உலகப் பட்டத்துக்காக ஆடிய 34 ஆட்டங்களில் 32 இந்த முறையில்தான் நடந்தனவாம். அவற்றில் பெரும்பாலானவை வெற்றி தோல்வியின்றி முடிந்ததில் என்ன ஆச்சரியம்!

மறுநாள் முதல் விடியற்காலை ஐந்து மணிக்குப் பலகையை விரித்தேன். "என்ன, உங்களுக்குப் பரீட்சையா?" என்று என் மனைவி காப்பியை வைத்துவிட்டுக் கேட்டாள். பரீட்சைதான், பள்ளிக்கூடம் போனபின் அந்தச் சிறு பெண்ணுக்கு அதே பாடத்தைச் சொல்ல வேண்டுமே!

*

இந்தத் தற்காப்பில் ஒரே ஒரு குறை. கறுப்பு தன் ராஜாச் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் நகர்த்துவதால், ராணிப் பக்கத்து மந்திரிக்கு வாசல் அடைபட்டுப் போகிறது. சி8 கட்டத்தில் பிறந்து அங்கேயே சிறையிருக்க வேண்டியதுதான். இந்த ஆட்டத்தின் சரித்திரம் முழுவதும் அந்த மந்திரியை விடுதலை செய்வதற்கு மனிதர்கள் பட்ட பாடுதான் என்று சொல்லலாம்.

வெள்ளை சும்மா இருப்பதில்லை. தன் மந்திரியை ஜி5-க்கு அனுப்பி, நம் குதிரையை ராணியோடு சேர்த்துக் கட்டிப்போடுகிறது. இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. நாம் மற்றொரு குதிரையை டி7-ல் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால், பேராசைக்கார வெள்ளை சிப்பாய்களை மாற்றிக்கொண்டு டி5-ல் உள்ள சிப்பாயைத் தன் குதிரையால் வெட்டப் பார்க்கும். 'கறுப்புக் குதிரை நகர்ந்தால் ராணி போய்விடுமே' என்ற தைரியம்! ஆனால் நாம் அந்தக் குதிரையை வெட்டிவிடலாம். வெள்ளை நம் ராணியை எடுத்தவுடன், நம் மந்திரி பி4-லிருந்து செக் வைக்கும். வெள்ளை தன் ராணியைக் குறுக்கே வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கணக்குத் தீர்ந்து பார்த்தால் நமக்கு ஒரு காய் லாபம். இதற்கு 'யானைப் பொறி' என்று பெயர். இதில் யானைக்கு எந்த வேலையும் கிடையாது என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் என் மாணவிதான். பழைய வித்தைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையையும் அவளே சொன்னாள்: "வெள்ளை ஏமாறாவிட்டாலும் இதில் நமக்கு நஷ்டம் இல்லை ஸார்."

ஏமாறாத எதிராளிக்கு என்ன மருந்து? அதை அளித்தவர் இமானுவேல் லாஸ்கர். 1894 முதல் 1921 வரை உலகப் பட்டத்தை வைத்திருந்தவர். கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஆகவே எனக்கு அவரிடம் தனிப் பிரியம். முன்பு சொன்ன பொறிக்கும் அவர் பெயர்தான். அசைக்க முடியாத இந்தத் தற்காப்புக்கும் அவர் பெயர்தான். இத்தனை நாள் நான் அவரிடம் தவறான பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்!

அவருடைய உபாயம் மிக எளிது. முதலில் எச்6 சிப்பாயால் வெள்ளை மந்திரியை எச்4-க்கு விரட்டிவிட்டு, ராஜாவைக் கோட்டைக்குள் வைத்துவிட வேண்டும். பிறகு குதிரையை இ4-க்கு நேரே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இதனால் மந்திரிக்கு மந்திரி, குதிரைக்குக் குதிரை என்று இரண்டு ஜோடிகள் பலகையை விட்டுப் போய்விடும். சிறிய வீட்டில் கல்யாணத்துக்கு வந்த உறவினர்கள் நெருக்கிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். விடியற்காலை வண்டியில் நாலு பேர் ஊருக்குப் புறப்பட்டால் மிச்சம் இருப்பவர்களுக்குக் கால் நீட்ட இடம் கிடைக்கிறதல்லவா? அதே தத்துவம். இடம் கிடைத்தபின் பி6-ல் சிப்பாயை வைத்து, சி5-ல் நடுவைத் தாக்கி, சிறையிருந்த மந்திரியை பி7 வழியாக வெளியே விட வேண்டும்.

இதை ஒருநாள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் தகப்பனார் வந்து பின்னால் நின்றிருக்கிறார். "இது பாவு ஓட்டுகிற மாதிரி இருக்கிறது ஸார். பாவு சரியாக இருந்தால்தான் மேலே பூவேலை. முன்னே இந்தக் குழந்தைக்குப் பாவு இல்லாமலே பூவேலை சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறது" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. அவகாசம் முடிந்த பிறகும் அவர் பெண்ணை நிறுத்தவில்லை.

*

குழந்தைக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. "இப்படி ஆடினால் சமமாகத்தானே முடியும்? ஜெயிக்க முடியுமா ஸார்?"

அதற்கு நான் வாயால் பதில் சொல்லவில்லை. ஓர் ஆட்டத்தைப் பலகையில் வைத்துக் காட்டினேன். 2010-ம் ஆண்டு நம் விசுவநாதன் ஆனந்த், பல்கேரியாவின் டோபலோவுடன் அவருடைய நாட்டிலேயே, சோபியா நகரில் உலகப் பட்டத்துக்காக ஆடினார். ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து விமானங்கள் நின்றுபோனதால், பிராங்க்பர்ட்டிலிருந்து சுமார் நாற்பது மணி நேரம் தரை வழியே பயணம் செய்து போய்ச் சேர்ந்தார். முதல் ஆட்டத்தில் அவருக்குக் கறுப்பு. ராணிச் சிப்பாய்க்கு எதிராக, கத்திமேல் நடக்கும் கிரன்பெல்டு தற்காப்பை ஆடி, முப்பது நகர்வுகளில் தோற்றார். பதினோரு ஆட்டங்கள் முடிந்தபோது இருவருக்கும் சமப் புள்ளிகள். மே 11-ம் தேதி கடைசி ஆட்டம், மறுபடி கறுப்பு, மறுபடி ராணிச் சிப்பாய். அப்பொழுது ஆனந்த் எடுத்தது நூறு வருஷப் பழமையான இந்த லாஸ்கர் தற்காப்பைத்தான்!

காய்கள் மாறின. சிறை மந்திரி பி7-க்கு வந்தது, ஏ6-க்குப் போயிற்று, மீண்டும் வந்தது, கடைசியில் ஏ8 மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கே அதற்கு என்ன வேலை என்று தோன்றும். முப்பத்தோராவது நகர்வில் இ சிப்பாயை முன்னே தள்ளினார் ஆனந்த். டோபலோ அதை வெட்டினார். மறுகணம் மூலை மந்திரியின் நெடிய சாய்வு வழி திறந்து, அதன் பலத்தில் ராணி நடுவில் வந்து நின்று செக் வைத்தது. வெள்ளை ராஜா பலகையின் ஓரத்துக்கு ஓட வேண்டியதாயிற்று. ஐம்பத்தாறாவது நகர்வில் டோபலோ ஒப்புக்கொண்டார். பட்டம் நம்மவரிடமே தங்கிற்று.

குழந்தை வெகு நேரம் அந்த மூலைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

அடுத்த ஆண்டு ஜில்லாப் போட்டியில் அவளுக்கு முந்திய ஆண்டு தோற்கடித்த அதே பெண்ணுடன் ஆட்டம் விழுந்தது. அதே கறுப்புக் காய். நானும் நெசவாளரும் வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரமும் ஆயிற்று. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையில் இருந்த பத்திரிகையை எத்தனை தடவை மடித்துப் பிரித்தேனோ, கணக்கு வாத்தியாருக்கே கணக்குத் தெரியாது.

கடைசியில் அவள் வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. கிட்டே வந்ததும், "சமம்தான் ஸார்" என்றாள். பிறகு, மிக முக்கியமான செய்தியை மறந்துவிட்டவள் போல், "ஆனால் மந்திரி வெளியே வந்துவிட்டது!" என்றாள்.

அந்தப் போட்டியில் அவளுக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் ஓட்டலில் மூன்று இட்டிலியும் ஒரு தோசையும் சாப்பிட்டாள். தகப்பனார் தம் இலையில் இருந்ததைத் தொடாமல் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டேஷன் மாஸ்டர் இன்னமும் ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு வெற்றிலைச் செல்லத்தைத் திறக்கிறார். பெரும்பாலும் நான்தான் தோற்கிறேன். ஆனால் இப்பொழுதெல்லாம் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் அல்ல. இரண்டாவது தாம்பூலமும் தேவைப்படுகிறது.