கரையில் நிற்கும் பார்சல்

வீட்டிலிருந்தே பிள்ளைகளின் உடுப்புத் தைத்து, தொலைபேசியில் படம் போட்டு விற்கிறேன். தைப்பது இலேசு, அனுப்புவதுதான் பாடு.

நெடுந்தீவிலிருந்து ஓர் ஆசிரியை இரண்டு சட்டை கேட்டார். காசை முன்கூட்டியே வங்கியில் போட்டுவிட்டார். குறிகட்டுவான் வரை பார்சல் தரையால் போய்விடும், அதற்கப்பால் படகுதான். கடல் கொந்தளித்தால் படகில்லை. அந்த நேரம் பார்த்து, 2025 ஆகஸ்டில், ஒரு வாரம் தபால் வேலைநிறுத்தம் வேறு. அவரோ ஒரு தரமும் குறை சொல்லவில்லை.

கொழும்பில்தான் எனக்கு நட்டம். ‘பார்சல் வந்ததும் காசு’ என்று கேட்டுவிட்டு, தபால்காரர் வாசலில் நிற்கும்போது ‘இப்போது வேண்டாம்’ என்கிறார்கள். உடுப்பு கசங்கித் திரும்புகிறது. அனுப்பிய கூலி என் தலையில். துணிக்கடைக் கடனும் அப்படியே.

மனம் மாறினால் பரவாயில்லை. பார்சல் கட்டுமுன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.