மூன்றாவது காப்பி யார் வீட்டில்?

எங்கள் தோட்டம் இப்போது இல்லை. மலேசியாவின் சுங்கை பட்டாணி வட்டாரத்தில் பல தோட்டங்களுக்கு நேர்ந்ததுதான்: பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, அதுவும் போய்த் தாமான் என்ற குடியிருப்பு வந்தது. லயத்து ஜனங்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நான் கோத்தா கோலா மூடாவில் வந்து ஒதுங்கினேன். கோயில் கமிட்டி செயலாளர் என்ற வகையில் என்னிடம் தங்கிப்போனவை காகிதங்கள்: வேலையாட்களின் பெயர் பதியும் செக்ரோல் பக்கங்கள், கோயில் கணக்கு நோட்டு, திருவிழாப் படங்கள், பிறப்புப் பத்திர நகல்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தேன்.

வெளியாருக்கு இது வெறும் குப்பையாகத் தெரியலாம். இங்கேயே பிறந்து, குடியுரிமை கிடைக்காமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐ.சி.யோடு கிழவியாகிப்போன ஒருத்தியின் பிள்ளைகளைக் கேட்டால்தான் ஒரு பழைய தாளின் விலை தெரியும்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். யாருக்கு எந்தத் தாள் வேண்டுமானாலும் என் வீட்டு வாசலுக்குத்தான் வரவேண்டும் என்பது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊர் மீன் சந்தைக்குப் 'பாசார் பீசிக்' என்று பெயர். வாங்க வருகிறவர்கள் விலையைப் படகுக்காரர் காதில் கிசுகிசுக்கும் வழக்கத்தால் வந்த பெயர். யார் எவ்வளவு கேட்டார் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தோட்டத்துச் சரித்திரத்துக்கு நான் அந்தப் படகுக்காரராக இருந்தேன்.

காப்பி எடுக்காமல் இல்லை. பினாங்கில் வேலை பார்க்கும் தங்கை மகன் ரோபோகாப்பி என்ற புரோகிராமைக் கற்றுக்கொடுத்தான். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து எல்லா விண்டோஸிலும் கூடவே வருகிறது, காசு கிடையாது. கறுப்பு ஜன்னலைத் திறந்து, எந்த ஃபோல்டரிலிருந்து எந்த ஃபோல்டருக்கு என்று ஒரு வரி தட்டினால் போதும். முதல் தடவை நேரம் பிடிக்கும். அடுத்த தடவை மாறியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். கடைசியில் ஒரு அட்டவணை போடும்: மொத்தம், காப்பி ஆனது, விட்டது, பொருந்தாதது, தோற்றது, கூடுதல். தோற்றது என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் அன்றைக்கு நிம்மதி.

ஒரு வேடிக்கை. ஏதாவது ஒரு ஃபைலை எடுக்க முடியாவிட்டால், வேறு எதுவும் சொல்லாதவரை ரோபோகாப்பி 30 வினாடிக்கு ஒரு முறை, 10 லட்சம் தடவை முயலும். கணக்குப் போட்டால் 347 நாள்! ஆர் என்ற சுவிட்சுக்கும் டபிள்யூ என்ற சுவிட்சுக்கும் சின்ன எண் கொடுத்து அதை அடக்க வேண்டும்.

ஆக டிஸ்க் இரண்டு இருந்தது. இரண்டும் ஒரே அலமாரியில். "மாமா, மூணாவது காப்பி வேற ஊர்ல இருக்கணும்" என்று பையன் விடாமல் சொன்னான். இந்த ஊரில் அதற்குத் தனி விளக்கம் தேவையில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிறு மதியம் சுனாமி ஏறிய கரை இது. சேதமான படகுகளை அடுக்கி எழுப்பிய நினைவுச் சின்னம் இங்கேதான் நிற்கிறது. அப்படியொரு அலைக்கு அலமாரியில் எத்தனை டிஸ்க் இருந்தாலும் ஒன்றுதான்.

தெரிந்தும் தள்ளிப்போட்டேன். வேறு ஊர் என்றால் பீடோங்கில் இருக்கும் என் பால்ய சிநேகிதன்தான். கமிட்டி விஷயத்தில் எனக்கும் அவனுக்கும் மனத்தாங்கல். கொடுத்தால் தன்னுடையது போல ஊரெல்லாம் காட்டுவான் என்று வயிறு எரிந்தது. பிறப்புப் பத்திர நகல்கள் இருக்கின்றன, பத்திரமாக வைக்க வேண்டுமே என்று சாக்குச் சொல்லிப் பார்த்தேன். பையன் பிட்லாக்கர் போட்டு டிஸ்க்கைப் பூட்டிக் கொடுத்துவிட்டான். சாக்கு தீர்ந்தது, பாஸ்வேர்டோடு கொடுத்தேன்.

சில மாதம் கழித்துப் புதுப்பிக்க அந்த டிஸ்க் திரும்பி வந்தது. 'மிர்' என்ற சுவிட்சோடு ஓட்டினால் அந்தப் பக்கத்தை இந்தப் பக்கத்தின் அச்சாக ஆக்கிவிடும். இங்கே இல்லாத எதையும் அங்கே அழித்துவிடும். அதனால் முதலில் 'எல்' சேர்த்து ஓட்டுவது என் வழக்கம். அது எதையும் தொடாது, செய்யப்போவதை மட்டும் காட்டும். அன்று கூடுதல் கட்டத்தில் பூஜ்யம் இல்லை. மேலே வரி வரியாக நான் வைக்காத ஃபைல் பெயர்கள். திறந்து பார்த்தேன். சிநேகிதனின் அக்கா கல்யாணப் படங்கள், காலையில் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் எடுத்த ஒரு படம், அதில் நிற்பவர்களின் பெயர்ப் பட்டியல். நான் கங்காணி என்று எழுதி வைத்திருந்த ஆள் கங்காணியே இல்லை, வாசல் கூட்டிக்கொண்டிருந்தவர் என்று ஒரு குறிப்பு வேறு.

அன்றோடு மிர்ரை விட்டேன். இப்போது அவன் சேர்த்ததை முதலில் என் பக்கம் இழுத்துக்கொண்டு, பிறகு உள் ஃபோல்டர்களையும் எடுக்கும், ஆனால் எதையும் அழிக்காத 'ஈ' போட்டு அனுப்புகிறேன். அங்கே புதிதாகத் திருத்தியதன் மேல் என் பழையது ஏறிவிடாமல் இருக்க 'எக்ஸ் ஓ' சேர்க்கிறேன். மனத்தாங்கல் முழுக்கத் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். தலைவர் பதவி அவனுக்குத்தான் போனது.

உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலும் தோட்டத்துத் தாள்கள் கிடந்தால் ஸ்கேன் செய்யுங்கள். ஒரு டிஸ்க்கைப் பூட்டி வேறு ஊர்க்காரரிடம் கொடுங்கள். திரும்பி வரும்போது கூடுதல் கட்டத்தைப் பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள்.