எப்போது திக்குகிறது?

நின்ற இடத்தில் என்ஜின் சீராக ஓடுகிறது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரே மாதிரி ஓட்டிக்கொண்டு போனாலும் குறையில்லை. சிக்னலில் பச்சை விழுந்து, கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதுதான் வண்டி திக்குகிறது. கால் உள்ளே போகிறது, இழுவை வரவில்லை. பின்னால் ஹாரன் அலறத் தொடங்கிய பிறகு ஓர் உலுக்கலோடு பாய்கிறது. 1977-ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 3 ஒன்றுக்கு வந்திருந்த வியாதி இது. சென்னை புதுப்பேட்டையை ஒட்டிய ஒரு சந்தில், வயது அறுபதைத் தாண்டிய மேஸ்திரி ஒருவர் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததை முழுக்க உடனிருந்து பார்த்தேன்.

பழைய வண்டிகளை நம்பிப் பிழைக்கும் தொழிலாளிகளைப் பற்றி எழுத வேண்டும் என்றால் புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டும். கூவம் ஓரத்தில், ஆதித்தனார் சாலையை விட்டு உள்ளே திரும்பினால், கடைகளின் நெற்றியில் கதவுகளும் பம்பர்களும் தொங்கும். நடைபாதையில் கியர்பாக்ஸ்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அறுத்த வண்டியின் எந்த உறுப்பும் இங்கே வீணாகாது. புது உதிரிபாகம் வேண்டுமென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் தூரமில்லை. மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு கார்தான் நிற்கும், மூன்றாவது வந்தால் சந்திலேயே நிறுத்தி பானெட்டைத் தூக்க வேண்டும். உதவிக்கு ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையன்.

வண்டிக்காரர் பணி ஓய்வு பெற்றவர். அவர் அப்பா வாங்கிய வண்டி. கையில் ஒரு பை நிறைய பில் வைத்திருந்தார். பிளக் நான்கும் மாற்றியாயிற்று. காயில் மாற்றியாயிற்று, கண்டென்சரும் புதிது. பெட்ரோல் பம்ப் மாற்றி, கார்புரேட்டரையும் பிரித்துக் கழுவி கிட் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஓரிரு வாரம் தேவலை போல இருந்து, மறுபடியும் அதே கதை.

மேஸ்திரி பில்களைப் பார்க்கவில்லை. பானெட்டையும் திறக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்கத் தொடங்கினார்.

"எப்போ சார் திக்குது? காலையில மொத எடுப்புலயா, இல்ல ஓடி சூடானப்புறமா?"

"எப்பவுமே மேஸ்திரி."

"மேம்பாலம் ஏறும்போது?"

"ஏற ஆரம்பிச்சிட்டா ஏறிடுது."

"மெதுவா மிதிச்சா?"

"மெதுவா மிதிச்சாலும் ஒரு திக்கு திக்கிட்டுத்தான் வரும்."

இந்த மூன்று பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிட்டதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். குளிரில் மட்டும் திக்கினால் சோக்கையும் கலவையையும் பார்க்க வேண்டும். சூட்டில் மட்டும் என்றால் காயில், அல்லது பெட்ரோல் பைப்பில் ஆவி அடைப்பு. மேம்பாலம் ஏறும்போது விழுந்தால் பம்ப், ஃபில்டர், டேங்கில் துரு. இந்த வண்டியில் கால் அசையும் நேரத்தில் மட்டும் கோளாறு. அப்படியென்றால் கால் அசையும்போது என்ஜினுக்குள் வேறு எதெது அசைகிறதோ, அங்கேதான் தேட வேண்டும்.

தானே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பிளக்கைக் கழற்றினார். முனை கன்னங்கரேலென்று காய்ந்த கரி பிடித்திருந்தது. பெட்ரோல் அதிகமாக எரிகிற வண்டியின் பிளக் அது. ஆனால் திக்குவதோ பெட்ரோல் போதாத வண்டி போல. இரண்டும் ஒத்துப்போகவில்லை. பையனிடம் பிளக்கைக் காட்டி, "இது சொல்றது வேற, வண்டி சொல்றது வேற. நடுவுல யாரோ கை வச்சிருக்கான்" என்றார்.

இந்த அம்பாசடரில் இருந்தது எஸ்.யூ. கார்புரேட்டர். அதன் அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மிதியைச் சட்டென்று அழுத்தினால் காற்று லேசானது என்பதால் முதலில் பாய்ந்துவிடும், பெட்ரோல் பின்தங்கும். அந்த இடைவெளியில் கலவை வெளிறி என்ஜின் தடுமாறும். சோலெக்ஸ் போன்ற கார்புரேட்டர்களில் இதற்கென்றே ஒரு சின்ன பம்ப் இருக்கிறது, மிதித்தவுடன் பெட்ரோலைப் பீய்ச்சிவிடும். எஸ்.யூ.வில் அந்தப் பம்ப் கிடையாது. ஒரு பிஸ்டன், அதன் அடியில் கூர்ந்து இறங்கும் ஓர் ஊசி, ஊசி நுழையும் ஒரே ஒரு ஜெட், அவ்வளவுதான். காற்றின் உறிஞ்சலில் பிஸ்டன் மேலே எழும், ஊசியும் எழும், பெட்ரோலுக்கு வழி கூடும். பிஸ்டன் அவசரப்பட்டு எழாமல் இருக்க அதன் தலையில் கொஞ்சம் எண்ணெய் நிற்கிறது. எண்ணெய் தடுப்பதால் பிஸ்டன் தாமதமாக எழுகிறது. அந்த நேரத்தில் ஜெட்டின் மேல் உறிஞ்சல் கூடி, கூடுதல் பெட்ரோல் வருகிறது. அந்த எண்ணெய் வற்றினாலே வண்டி திக்கும். பழைய யோசனை இது, இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

மேஸ்திரி மூடியைத் திருகி எடுத்துப் பார்த்தார். எண்ணெய் இருந்தது. பிஸ்டனை விரலால் தூக்கி விட்டார். 'டக்' என்று சுத்தமான ஓசையோடு விழுந்தது, எங்கும் சிக்கவில்லை. பிறகு கார்புரேட்டரின் அடியில் கைவிட்டு, ஜெட்டின் நட்டை மேலே ஏற்றிக்கொண்டே எண்ணினார். அறுகோண நட்டின் ஒவ்வொரு பட்டையையும் ஒன்றாகக் கணக்கிட வேண்டும். முழுக்க மேலே ஏற்றி, அங்கிருந்து 12 பட்டை, அதாவது இரண்டு முழுச் சுற்று கீழே இறக்குவதுதான் இந்தக் கார்புரேட்டருக்கு ஆரம்ப நிலை. இந்த வண்டியில் அது 18 பட்டை இறங்கியிருந்தது.

"பார்த்தீங்களா? கோளாறைக் கண்டுபிடிக்கல, பெட்ரோலை ஊத்தி மூடிட்டாங்க."

பழைய வண்டியின் சிக்கல் எல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாற்பது ஐம்பது ஆண்டு ஓடிய வண்டியில் வெறும் கோளாறு என்று ஒன்று கிடைப்பதில்லை. அதை மறைக்க ஒருவர் திருகிய திருகல், அந்தத் திருகலின் விளைவை மறைக்க இன்னொருவர் திருகியது என்று படிந்து கிடக்கும். ஐடிலிங் ஸ்க்ரூ, ஏர் லீக்கை அடைத்த எம்‌-சீல், யாரோ டைமிங்கை முன்னே தள்ளிய கோடு எல்லாம் அந்தப் படிவுகள். நல்ல மேஸ்திரி முதலில் அவற்றை ஒவ்வொன்றாகக் களைந்து ஆரம்ப நிலைக்கு வருகிறார். அதற்குப் பொறுமை வேண்டும், பழைய அளவுகள் நினைவில் இருக்க வேண்டும்.

நட்டை 12 பட்டையில் வைத்து ஓட்டியதும் வண்டி முன்பைவிட மோசமாகத் திக்கியது. வண்டிக்காரர் முகம் வாடிவிட்டது. மேஸ்திரிக்கோ சந்தோஷம். "இப்பதான் சார் நோய் முகத்தைக் காட்டுது."

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர். மிதியை அழுத்தும்போது அசைகிற இன்னொரு உறுப்பு அதற்குள் இருக்கிறது. கார்புரேட்டரிலிருந்து ஒரு மெல்லிய குழாய் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் உள்ள டப்பிக்குப் போகிறது. திராட்டில் லேசாகத் திறந்ததும் உறிஞ்சல் அந்தக் குழாய் வழியே வந்து, உள்ளே இருக்கும் ஜவ்வை இழுக்கும். ஜவ்வு, பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைச் சற்றே திருப்பும். பொறி கொஞ்சம் முன்னதாக விழும். ஐடிலிங்கில் உறிஞ்சல் அந்தத் துளைக்கு எட்டாது, தட்டு சும்மா இருக்கும். ஒரே வேகத்தில் போகும்போது திரும்பிய நிலையிலேயே நிற்கும். கால் அசையும்போதுதான் தட்டும் அசையும்.

மேஸ்திரி குழாயைக் கார்புரேட்டரிலிருந்து பிடுங்கி வாயில் வைத்து உறிஞ்சினார். மூடியைக் கழற்றியிருந்ததால் நன்றாகத் தெரிந்தது: தட்டு நகர்ந்தது. குழாயின் நுனியை நாக்கால் அடைத்துப் பிடித்தார், தட்டு அப்படியே நின்றது. ஜவ்வு கிழியவில்லை. பாயின்ட்டும் சுத்தமாகவே இருந்தது. இந்த இடத்தில் பலர் மூடியைத் திரும்பப் போட்டிருப்பார்கள், போட்டும் இருக்கிறார்கள்.

அவர் பையனைக் கூப்பிட்டு ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டு என்ஜினைச் சுற்றச் சொன்னார். பாயின்ட் இரண்டும் நன்றாகச் சேர்ந்திருக்கும் இடத்தில் நிறுத்தினார். பேட்டரியின் கரண்ட் முனைக்கும், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒயர் போகும் முனைக்கும் நடுவே ஒரு டெஸ்ட் பல்பை மாட்டி, சாவியைப் போட்டார். பாயின்ட் சேர்ந்து எர்த் சரியாக இருக்கும் வரை பல்பு எரிய வேண்டும். எரிந்தது. மறுபடி குழாயை வாயில் வைத்து மெல்ல உறிஞ்சினார். தட்டு நகர்ந்தது, பல்பு மினுக்கி அணைந்து மீண்டும் எரிந்தது. விட்டார். மறுபடி மினுக்கியது.

"பார்த்தியா தம்பி?"

பையன் குனிந்து, "ஆமா மேஸ்திரி, எர்த் விட்டுப்போகுது" என்றான்.

அசையும் தட்டையும் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பையும் இணைக்கும் ஓர் எர்த் ஒயர் உண்டு. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, மேலே நூல் உறை. மேஸ்திரி அதன் இரண்டு முனையையும் நகத்தால் பிடித்து லேசாக இழுத்தார். உறை முழுதாக இருந்தது. ஆனால் நடுவில் ஓர் இடத்தில் எலும்பில்லாத விரல் போல அது நீண்டது. உள்ளே செம்புக் கம்பி எப்போதோ அறுந்து, இரண்டு நுனியும் உறைக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறது. தட்டு அசையும் ஒவ்வொரு முறையும் நுனிகள் விலகின. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் என்ஜினில் நொடிக்கு 100 பொறி விழ வேண்டும். கண்ணிமைக்கும் நேரம் எர்த் விட்டாலே பல பொறிகள் போய்விடும்.

பையன் வீட்டு வயரிங் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான். மேஸ்திரி வாங்கவில்லை. கெட்டியான ஒயர் தட்டை அசைய விடாது, விட்டாலும் சில மாதத்தில் அதே இடத்தில் ஒடியும். தகர டப்பாவைக் கிளறி, தேய்ந்துபோன ஒரு பழைய டைனமோ கார்பன் பிரஷ்ஷை எடுத்தார். அதன் வால், மயிரிழைக் கம்பிகளைப் பின்னிய செம்பு. அசைவதற்கென்றே செய்தது. அளவாக வெட்டி, நூல் உறையை மாட்டி, இரண்டு முனையிலும் ஈயம் பற்றவைத்தார். பற்றவைத்த இடத்துக்கு மேல் ஈயம் ஏறிவிடாமல் இடுக்கியால் பிடித்துக்கொண்டார். ஈயம் ஏறிய பின்னல் விறைத்துப்போகும், அங்கேயே ஒடியும்.

பாயின்ட் இடைவெளியை 15 தௌவில் வைத்தார். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 15 பங்கு, ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர். கேஜ் போட்டுத்தான் வைத்தார், கண் அளவில் விடவில்லை. அதே பல்பைக் கொண்டு டைமிங்கையும் பார்த்தார். வண்டி எடுத்த எடுப்பில் இழுத்தது.

அதோடு விடவில்லை. என்ஜினை ஓடவிட்டு, எஸ்.யூ. பிஸ்டனை ஒரு மயிரிழை தூக்குவதற்கென்று இருக்கும் லிஃப்டிங் பின்னை விரலால் மேலே தள்ளினார். தூக்கியதும் என்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அமுங்கினால் குறைவு. கணநேரம் கூடி இயல்புக்கு வந்தால் சரி. அமுங்கியது. நட்டை ஒரு பட்டை, இன்னொரு பட்டை என்று இறக்கி 14-இல் நிறுத்தினார்.

"புக்கு அளவு 12. இப்போ வர்ற பெட்ரோலுக்கு அது பத்தாது" என்றார். அவர் காதால் கண்டது கணக்குக்கும் ஒத்துவருகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது 13.5-க்குப் பக்கம் வந்துவிடும். பழைய அளவில் வைத்த கார்புரேட்டர், அந்த வித்தியாசத்துக்கு ஏற்பக் காற்றை அதிகமாகவே கொடுக்கும். இன்றைய வண்டிகளில் சென்சார் பார்த்துக் கம்ப்யூட்டர் இதைத் திருத்திக்கொள்கிறது. இந்த வண்டிக்கு மேஸ்திரியின் விரல்தான் சென்சார். ரப்பர் பைப், பம்ப் ஜவ்வு எல்லாவற்றையும் அடிக்கடி பாருங்கள் என்று வண்டிக்காரரிடம் சொன்னார். எத்தனால் பழைய ரப்பருக்கு ஆகாது.

கூலி 800 ரூபாய் கேட்டார். ஒயருக்குக் காசில்லை. வண்டிக்காரர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார், ஆனால் எல்லாரும் அப்படி இல்லையாம். "புது சாமான் போட்டு ரெண்டாயிரம் சொன்னா கொடுத்துருவாங்க. யோசிச்சதுக்குக் காசு கேட்டா, ஒரு ஒயருக்கா இவ்வளவுன்னு சண்டைக்கு வராங்க" என்றான் பையன். அரை நாள் மூளையைக் கொடுத்துக் கண்டுபிடித்தவருக்கு அந்தக் கண்டுபிடிப்புக்கென்று கூலி கிடையாது. இந்த வழக்கம் எனக்கு நியாயமாகப் படவில்லை. பையிலிருந்த அத்தனை பில்லும் அதன் விளைவுதான். சாமான் மாற்றினால்தான் காசு என்றால், மாற்றத்தானே செய்வார்கள்? அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. பாயின்ட் வைக்கக் கற்றுக்கொள்ளும் பையன்கள் இனி வரப்போவதில்லை என்று மேஸ்திரி எண்ணுகிறார். இந்தப் பையனும் காலையில் இங்கே, மாலையில் ஸ்கேனர் வைத்திருக்கும் இன்னொரு ஷெட்டில். அங்கே ஸ்கேனரில் பிழை எண் வந்ததும் சென்சாரை மாற்றிவிடுகிறார்களாம். இவன் மட்டும் சென்சாருக்குப் போகும் ஒயரை முதலில் ஆட்டிப் பார்க்கிறான். அதைச் சொல்லும்போது மேஸ்திரி கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

கிளம்பும் முன் வண்டிக்காரரிடம் நோட்டு ஒன்று கேட்டு வாங்கி, பையனை எழுதச் சொன்னார். பாயின்ட் 15 தௌ. பிளக் 25 தௌ. ஜெட் 14 பட்டை. எர்த் ஒயர் புதிது, பிரஷ் வால். தேதி, கிலோமீட்டர். "வண்டியை வேற எங்க விட்டாலும் இதைக் காட்டுங்க சார். எந்த இடத்துலேர்ந்து திருகுறோம்னு அவனுக்குத் தெரியணும்."