பழகிப்போகும் என்றார்கள்

நாற்பத்து மூன்றாவது வயதில் எனக்கென்று ஒரு கார் வாங்கினேன். ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2014 மாடல், சிவப்பு நிறம். 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 குதிரைசக்தி. எனக்கு முன் அதை வைத்திருந்தவர் ஓர் இளைஞர். "பொம்பளைக்கு எதுக்குடி இம்புட்டு வேகம்?" என்று பெரியம்மா கேட்டார். பிடிக்கும் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. இருபது ஆண்டுகள் பேருந்துக் கம்பியைப் பிடித்து நின்றபடி வேலைக்குப் போன உடம்பு இது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் முதுகு இருக்கையில் அழுந்துகிற அந்த நொடி அதற்குப் பிடித்திருந்தது.

மதுரையிலிருந்து ஆண்டிப்பட்டியைத் தாண்டியிருக்கும் கல்லூரிக்குப் போக வர 120 கிலோமீட்டருக்கு மேல். செக்கானூரணி, உசிலம்பட்டி, கணவாய் என்று வழி நெடுக வேகத்தடைகள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய மேடாக இருக்க வேண்டும். நம் ஊர்த் தெருக்களில் இருப்பவையோ வரப்புகள். ஒவ்வொன்றிலும் என் கார் 'டக்' என்று இடித்துக்கொண்டு இறங்கும். முதல் ஆண்டு முழுக்க அதைப் பொறுத்துக்கொண்டேன். வேகமான வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த ஆண்டு கர்ப்பப்பையை அகற்றினார்கள். ஓய்வு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் அடிவயிற்றையும் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். துணைக்கு வந்த அம்மா சொன்னாள்: "கொஞ்ச நாளைக்கித்தான். பழகிப்போகும்."

அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். மாதாமாதம் வந்த வலிக்கும், நாளுக்கு நாள் கூடிய உதிரப்போக்குக்கும் அதையேதான் சொன்னார்கள். நானும் பழகிக்கொண்டேன். பழகிக்கொண்டதால்தான் நான்கு ஆண்டுகள் மருத்துவரிடம் போகாமல் இருந்தேன். கடைசியில் போனபோது கட்டிகள் வளர்ந்து, கர்ப்பப்பையை எடுப்பதைத் தவிர வழியில்லை என்றாகிவிட்டது. இந்த முறை பழகிக்கொள்வதாக இல்லை. காரை மாற்றவும் மனமில்லை.

தம்பியோடு ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கேள்வி கேட்டது நான். பதில் எல்லாம் தம்பிக்கு. "மேடத்துக்கு சொகுசுதான் வேணும்னா சாதா ஃபேமிலி வண்டி எடுத்திருக்கலாமே சார். இது ஓட்டுறவங்க வண்டி." பிறகு காயில்ஓவர் போடச் சொன்னார், உயரத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளலாமாம். தம்பிக்குக் கார் ஓட்டவே தெரியாது என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. வேகம் பெண்ணுக்கு எதற்கு என்றார் பெரியம்மா, சொகுசு வேண்டுமென்றால் வேகமான வண்டி எதற்கு என்கிறார் இவர். இரண்டையும் சேர்த்துக் கேட்க எனக்கு உரிமையில்லை போலும்.

பிறகு நானே படிக்க ஆரம்பித்தேன். ஆய்வேட்டுக்காகச் சங்கப் பாடல்களுக்கு உரை பார்த்த பழக்கம் இங்கே உதவியது. ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் கார் மேலும் கீழும் ஆடுவதற்கு ஓர் இயல்பான கதி உண்டு. சாதாரணக் கார்களில் அது நொடிக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 முறை. ஸ்பிரிங் கடினமாக ஆக இந்தக் கதி கூடும். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மிக அதிகமாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 வரையிலான செங்குத்து அதிர்வுகளைத்தான். வயிற்றுக்குள் இருப்பவை குலுங்குவதும் அந்தக் கதியில்தான். ஆக, எனக்கு வலித்தது மனபலவீனத்தால் அல்ல. அதற்கு அளவு இருக்கிறது, எண் இருக்கிறது. அதைப் படித்தபோது வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது!

இரண்டாவதாக, தம்பி இல்லாமல், பழைய மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் காரின் கீழே படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சரம்மா, இது கம்பெனி ஸ்பிரிங்கே இல்ல. யாரோ வண்டியத் தாழ்த்தியிருக்காங்க." உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்கால் சக்கரம் மேலெழும்ப இடம் குறைகிறது. கொஞ்சம் பெரிய பள்ளம் வந்தாலே ரப்பர் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும். நான் கேட்ட 'டக்' அதுதான். சக்கரங்களும் மாற்றப்பட்டிருந்தன. வண்டியோடு வந்தது 185/60 ஆர்15, அதாவது டயரின் பக்கச்சுவர் 111 மில்லிமீட்டர். அந்த இளைஞர் போட்டிருந்தது 205/45 ஆர்17, பக்கச்சுவர் 92 மில்லிமீட்டர். பள்ளத்தை முதலில் வாங்கிக்கொள்வது டயரின் காற்றுதான். பார்வைக்காக அதில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் காணாமல் போயிருந்தது. காற்றையும் கூட்டி அடித்திருந்தார்கள். எவ்வளவு அடிக்க வேண்டும் என்று பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை யாரும் படிக்கவில்லை.

என்ன செய்வது என்பதை மலிவிலிருந்து வரிசையாக முடிவு செய்தோம். முதலில் காற்றழுத்தம். அடுத்து 15 அங்குலச் சக்கரமும் டயரும். தேய்ந்துபோன லிங்க் ராடும் ஆர்ம் புஷ்ஷும். அதன்பிறகு கம்பெனி ஸ்பிரிங். கடைசியில்தான் ஷாக்அப்சார்பர். பில்ஸ்டீனில் பி4, பி6, பி8 என்று வகைகள் உண்டு. பி8 தாழ்த்திய வண்டிக்கு. பி6 கம்பெனி உயரத்துக்குப் பொருந்தும் என்றாலும் இறுக்கமானது. பி4 வண்டி செய்தபோது இருந்த குணத்துக்கு நெருக்கமானது. நான் பி4 கேட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், பதிவுச் சான்றிலுள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2019 தீர்ப்பும் இருக்கும்போது, பொதுச்சாலையில் ஓடும் காருக்கு அதன் சொந்த உயரமே நல்லது.

"வேகம் குறையுமா அண்ணே?" என்று கேட்டேன். "குண்டும் குழியுமா கெடக்குற ரோட்டுல இறுக்கமான வண்டி துள்ளும். துள்ளுனா டயரு ரோட்ட விட்ரும். அப்புறம் பிரேக்கும் கெடையாது, வளைவும் கெடையாது. ரோட்டப் பிடிச்சுக்கிட்டுப் போற வண்டிதான் வேகமாப் போகும்" என்றார். ஆர்ம் புஷ் போல்ட்டை முழுதாக இறுக்கும் முன் வண்டியின் எடை சக்கரங்களில் நிற்கும்படி செய்தார். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியே இருக்குமாம். கடைசியில் வீல் அலைன்மென்ட். மொத்தச் செலவு என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். இதுவரை என் உடம்பின் சுகத்துக்கென்று அவ்வளவு செலவழித்ததில்லை.

அகநானூற்றின் நான்காம் பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஓரிடத்தில் நிறுத்துவேன். தலைவியிடம் விரைந்து வருகிற தலைவன், பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடக் கூடாதே என்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். விரைவு குறையவில்லை, வண்டுக்கும் இடைஞ்சல் இல்லை. அந்த அக்கறையை இத்தனை ஆண்டுகளும் வண்டுகளுக்கும் தலைவிக்கும் மட்டுமே உரியதாகப் படித்து வந்திருக்கிறேன். தேரை நானே ஓட்டும்போது அதை எனக்கும் செய்துகொள்ளலாம் என்று தோன்றவில்லை.

அடுத்த வாரம் கணவாய் வளைவுகளில் கார் முன்னைவிடக் கொஞ்சம் சாய்ந்தது. ஆனால் சாலையை விடவில்லை. நானும் வேகத்தைக் குறைக்கவில்லை. உசிலம்பட்டியின் வேகத்தடைகளில் ஒருமுறை எழும்பி, இறங்கி, அத்தோடு நின்றது. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

அம்மா கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்: "ரோடு புதுசாப் போட்டுட்டாய்ங்களா?"

"இல்லம்மா, ரோடு அதேதான்" என்றேன்.