மேல் கம்பி யாருடையது?

பால்கனி ஸ்லாபில் முக்கியமான கம்பி மேற்பக்கம் இருக்க வேண்டும். அறைக்கு மேல் போடும் ஸ்லாப் நடுவில் தொய்யப் பார்க்கும். அதன் அடிப்பக்கம் இழுபடும். அங்கே கம்பி அடியில் இருப்பதுதான் சரி. பால்கனி அப்படியல்ல. கட்டடத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால், ஆட்கள் ஏறி நின்றால் அதன் மேற்பக்கம்தான் இழுபடுகிறது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுப்பைக் கம்பிதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

போரூர் பக்கம் ஒரு சிறிய அடுக்குமாடி வேலையைப் பார்க்கப் போயிருந்தபோது இதை எனக்கு விளக்கியவர் கம்பி மேஸ்திரி. திருவண்ணாமலைக்காரர். சித்திரை வெயிலில் கம்பி தொட முடியாத அளவுக்குக் காய்ந்துவிடும் என்பதால் விடிவதற்கு முன்பே அவருடைய ஆட்கள் மேலே ஏறியிருந்தார்கள். பாதிப் பேர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். கட்டுக்கம்பியை இரண்டாக மடித்து, இரு கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் கோணலாக நுழைத்து, கொக்கியில் மாட்டி முறுக்குகிறார்கள். ஒரு சுற்று கூடினால் கட்டுக்கம்பி அறுந்துவிடும், குறைந்தால் கம்பி நகரும். அந்த அளவு அவர்கள் மணிக்கட்டில் இருக்கிறது. நாள் முழுக்கக் குனிந்தே செய்கிற வேலை இது. மேஸ்திரி வரைபடத்தைப் பார்த்தபடியே எடையைச் சொல்கிறார். எட்டு எம்எம் கம்பி ஒரு மீட்டர் ஏறக்குறைய 400 கிராம், பன்னிரண்டு எம்எம் 890 கிராம். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் கிலோ வரும் என்று நாம் புத்தகத்தில் படிப்பதை அவர் வாய்ப்பாடாகவே வைத்திருக்கிறார்.

அவருடைய கவலை கட்டுவதில் இல்லை, கட்டி முடித்த பிறகுதான் அது தொடங்குகிறது.

“நாங்க கட்டிக் குடுத்துட்டு அடுத்த சைட்டுக்குப் போயிடுவோம் சார். பின்னாடியே எலக்ட்ரீஷியன் வந்து பைப் போடுவாரு. மறுநாள் காங்கிரீட் ஆளுங்க வந்து மிதிப்பாங்க. அவங்க எங்க ஆளுங்க கிடையாது. யாரை நான் கேக்கறது?”

மிதித்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம். அந்தப் பால்கனி ஸ்லாபின் கனம் 125 மில்லிமீட்டர். மேலே 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் விட்டால், 10 எம்எம் கம்பியின் நடுப்புள்ளி அடியிலிருந்து 100 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். பூட்ஸ் காலோடு நாலு பேர் நடந்து அது 25 மில்லிமீட்டர் அமுங்கினால் தாங்கும் திறனில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அடிவரை போய்விட்டால் அந்தக் கம்பி இருந்தும் இல்லாததுதான். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பூசி, வெள்ளையடித்து, பூந்தொட்டிகூட வைத்துவிடுவார்கள்.

இந்தச் சைட்டின் பொறியாளர் இளம் பெண். மேஸ்திரியை ‘அண்ணே’ என்கிறார், அவர் இவரை ‘மேடம்’ என்கிறார். கான்கிரீட் போடும் நாளுக்கு முன்பு பொறியாளர் செய்த ஏற்பாடுகள் மூன்றுதான், மூன்றும் எளியவை. மேல் கம்பியைத் தாங்க வளைத்த கம்பி ஸ்டூல்களை நெருக்கமாக வைக்கச் சொன்னார். ஆட்கள் நடக்கவும் பம்ப் குழாயை இழுக்கவும் பலகைகள் போட்டு வழி அமைத்தார். கம்பி ஆட்கள் இருவரைக் கொக்கியோடு அன்று முழுக்க நிறுத்திக்கொண்டார். அமுங்கிய கம்பியைக் கான்கிரீட் வந்து மூடுவதற்கு முன் தூக்கிக் கட்டுவது மட்டுமே அவர்கள் வேலை. அவர்களுக்குத் தனி நாள்கூலி.

எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்தத் தனிக்கூலிதான். கம்பி வேலைக்கு டன் கணக்கில் பணம். கான்கிரீட் ஆட்களுக்குப் போட்ட அளவுக்குப் பணம். கட்டிய கம்பியைக் கட்டிய இடத்திலேயே காப்பாற்றுவதற்கு இந்த இரண்டு கணக்கிலும் ஒரு பைசா கிடையாது. தொழிலாளிக்கு அக்கறை இல்லை என்று முதலாளிகள் அலுத்துக்கொள்வதைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். அது அநியாயமான பேச்சு. அக்கறைக்குக் கூலி வைக்காத ஒப்பந்தத்தை எழுதியவர்கள் அவர்கள்தான்.

தண்ணீர் விஷயமும் இப்படியே. லாரியில் வரும் கான்கிரீட் வெயிலில் இறுகத் தொடங்கியதும் ‘கொஞ்சம் தண்ணி விடு’ என்று குரல் வரும். சோம்பேறித்தனத்தால் வருவதல்ல அது. இறுகிய கான்கிரீட்டை மண்வெட்டியால் இழுப்பவர்களின் முதுகு ஒடிகிறது. குழாய் அடைத்தால் பம்ப் ஆப்பரேட்டரின் தலை உருள்கிறது. ஆனால் கூடுதல் தண்ணீர் பிறகு ஆவியாகி, விட்டுப்போன இடமெல்லாம் நுண்துளையாகிறது, வலிமை குறைகிறது. இதில் ஒரு கொடுமை உண்டு. சோதனைக்கான 150 மில்லிமீட்டர் கியூப்களைத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே எடுத்துவிட்டால் 28-ஆம் நாள் அறிக்கை அருமையாக வரும். ஸ்லாபில் இருப்பது வேறு சரக்கு.

அன்று மூன்றாவது லாரி போக்குவரத்தில் மாட்டித் தாமதமாக வந்தது. டிரைவர் தண்ணீர்க் குழாயை எடுத்தார். பொறியாளர் விடவில்லை. பிளாண்டிலிருந்து வந்திருந்த ஆளைக் கூப்பிட்டு, கான்கிரீட்டை இளக்கும் ரசாயனத்தை அளந்து சேர்த்து டிரம்மைச் சுற்றச் சொல்லி, இளக்கம் சரியா என்று ஸ்லம்ப் சோதனை பார்த்த பிறகே பம்பில் ஊற்ற அனுமதித்தார். ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது விதி, அதற்குள் முடிந்தது. கியூப்களையும் அதற்குப் பிறகுதான் எடுத்தார். அடுத்த லாரிகளின் இடைவெளியைப் போனிலேயே மாற்றினார். வெயிலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றால் தண்ணீர் ஊற்றும் ஆசை வரத்தான் செய்யும் என்றார்.

2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்த மௌலிவாக்கம் அங்கிருந்து தூரமில்லை. டீ குடிக்கும்போது மேஸ்திரியே அந்தப் பேச்சை எடுத்தார். “செத்ததுல பாதிக்கு மேல வேலைக்கு வந்த ஜனம் சார்” என்றார். கட்டடத்தின் பலம் என்று நாம் பேசும்போது குடியிருக்க வருபவர்களையே நினைக்கிறோம். அதற்கடியில் முதலில் நிற்பவர்களும் சமைப்பவர்களும் தூங்குபவர்களும் இவர்கள்.

மறுநாள் ஸ்லாப் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். அந்த வேலை வாட்ச்மேன் குடும்பத்தின் தலையில் விழுந்தது. இப்போதைய கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். தண்ணீர் லாரி ஒரு நாள் தவறினாலும் பாத்தி காய்ந்துவிடும். இந்த வேலைக்கும் யார் கணக்கிலும் கூலி எழுதப்படவில்லை என்பதைப் பொறியாளரே சுட்டிக்காட்டினார். அடுத்த தளத்தின் வேலை உத்தரவில் கம்பி ஆட்கள் இருவர், தண்ணீர் காட்ட ஒருவர் என இரண்டு வரி சேர்த்து ஒப்பந்தக்காரருக்கு அனுப்பியிருந்தார். மேஸ்திரி அதை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பலகையும் ஸ்டூலும் கம்பி இறக்கும் அன்றே வந்துவிட வேண்டும் என்று மூன்றாவதாக ஒரு வரி எழுதச் சொன்னார்.