உறைபனியும் பெரியம்மா வீட்டுக் குழாயும்

டிசம்பர், ஜனவரியில ஊட்டிக்கு வர்றவங்க புல்லு மேல வெள்ளையா படிஞ்சிருக்கிற உறைபனியை போட்டோ எடுத்துட்டுப் போவாங்க. எங்களுக்கு அந்த ரெண்டு மாசமும் உருளைக்கிழங்குச் செடி கருகிடுமா, விடிஞ்சா குழாயில தண்ணி வருமாங்கிற கவலைதான்.

பெரியம்மா வீடு பள்ளத்துல, ஓடையை ஒட்டி இருக்கு. மேகமும் காத்தும் இல்லாத ராத்திரியில குளிர்ந்த காத்து கனமாகி, சரிவுல இறங்கி அங்கதான் தேங்கும். மேட்டுல இருக்கிற எங்க வாசல்ல வெறும் பனித்துளி. அவங்க வாசல்ல வாளித் தண்ணியே ஏடு கட்டி நிக்கும்.

பழைய வீடு. கட்டினப்ப குழாயே கிடையாது. பின்னாடி போட்ட ஜிஐ பைப், தொட்டியில இருந்து வெட்டவெளியில வந்து சுவத்துல ஏறுது. எழுபது வயசுக்கு மேல ஆச்சு, துணைக்கு ஒரு மாடு மட்டும். "தண்ணிக்கே இந்தப் பாடுன்னா, கோயமுத்தூருக்கு வந்துருங்கம்மா"ன்னு மகன் சொல்லிட்டே இருக்கான். அந்தப் பேச்சை எடுத்தாலே பெரியம்மா மாட்டைப் பார்க்கப் போயிடுவாங்க.

தரையில கிடந்த பைப்பை ஒரு அடி ஆழத்துல புதைச்சோம். இங்கே கடுங்குளிர் சில மணி நேரம்தான், அந்த ஆழத்துக்கு இறங்காது. சுவத்துல ஏறுற பகுதிக்கு சாக்கு சுத்தி, அதுக்கு மேல பிளாஸ்டிக் தாள் கட்டினோம். தாள்தான் முக்கியம். சாக்கு நனைஞ்சா அது போர்வை இல்லை, ஈரத்துணி. எல்போவையும் குழாயையும் விடாம மூடணும், முதல்ல உறையுறது அங்கதான். தண்ணி உறைஞ்சா ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். துருப்பிடிச்ச பழைய ஜாயின்ட் அதைத் தாங்காது.

தொட்டிக்கிட்ட ஒரு வால்வு, தாழ்வான இடத்துல இன்னொரு குழாய். பொழுது சாஞ்சதும் வால்வை மூடி, ரெண்டு குழாயையும் திறந்துவிட்டா பைப் காலி. உள்ள தண்ணி இல்லேன்னா உறையறதுக்கு என்ன இருக்கு? ராத்திரி முழுக்க சொட்டவிடலாம்னு சிலர் சொல்றாங்க. தொட்டித் தண்ணியை நம்பி மாடு வச்சிருக்கிறவங்களுக்கு அது கட்டுப்படி ஆகாது.

அப்படியும் உறைஞ்சுட்டா கொதிக்கிற தண்ணியை ஊத்தாதீங்க, பிளாஸ்டிக் பைப்னா விரிசல் விடும். குழாயைத் திறந்து வச்சு, வெந்நீர்ல நனைச்ச துணியை குழாய்ப் பக்கமிருந்து சுத்திட்டு வாங்க. இல்லேன்னா வெயில் ஏறுற வரைக்கும் பொறுங்க.

இந்த ஜனவரியில மகன் போன் பண்ணினப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். "தண்ணியெல்லாம் வருது. பொங்கலுக்கு நீ வா"ன்னாங்க பெரியம்மா.