முதலில் இடுப்பு, அப்புறம்தான் தோள்

நுவாங் மலையிலிருந்து இறங்கி வந்த அன்று மாலை, கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்கப் பார்த்தேன். முடியவில்லை. வலது கை விரல்கள் மரத்துப்போய், ஊசி குத்துவதுபோல் இருந்தன. கையைத் தலைக்கு மேல் தூக்க முயன்றேன். பாதியிலேயே நின்றுவிட்டது.

உடன் வந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. போத்தலைப் பைக்குள் வைத்துவிட்டு, தாகமே இல்லாதவள்போல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நுவாங், சிலாங்கூர் மாநிலத்தின் மிக உயரமான மலை. 1,493 மீட்டர். கினபாலுவுக்குப் போக நினைப்பவர்கள் பலர் முதலில் இங்கேதான் கால்களைப் பழக்குவார்கள். உலு லங்காட்டின் பங்சூன் பக்கத்திலிருந்து ஏறினால், லோலோ முகாம் வரை சுமார் 5 கிலோமீட்டருக்கு அகலமான மண்பாதை. அது முடிவதே இல்லை என்று போனவர்கள் எல்லாரும் சொல்வார்கள். லோலோவுக்குப் பிறகுதான் உண்மையான ஏற்றம். அடுத்த முகாமின் பெயரே பச்சாட், அதாவது அட்டை. பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை.

வேலையிடத்துத் தோழிகளோடும், பல ஆண்டுகளாக மலையேறும் ஓர் அண்ணன், அண்ணியோடும் போயிருந்தேன். லோலோவில் ஓர் இரவு தங்கி, மறுநாள் உச்சி தொட்டுத் திரும்புவதாகத் திட்டம். என்னிடம் பெரிய பை இல்லை. அத்தை மகனிடம் இரவல் வாங்கினேன். அவன் கிட்டத்தட்ட ஆறடி. நான் ஐந்தடி ஓர் அங்குலம். பைதானே, யாருடையதாக இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

அதற்குள் எல்லாவற்றையும் அடைத்தேன். சார்டின் டின்கள், மேகி, கைலி, இரண்டு ஜோடி உடை, அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு. படுக்கும் பாயும் சிலிப்பரும் வெளியே தொங்கின. 12 கிலோ. நான் 52 கிலோ.

அரை மணி நேரத்தில் வார் தோளை அறுக்கத் தொடங்கியது. கட்டைவிரல்களை வாருக்கு அடியில் செருகிக்கொண்டு நடந்தேன். அண்ணன் திரும்பிப் பார்த்து, "சரியா இருக்கா தங்கச்சி?" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் "ஓகேண்ணே" என்றேன். மறுநாள் காலை எல்லாரும் உச்சிக்குக் கிளம்பியபோது, வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிக் கூடாரத்திலேயே படுத்துக்கொண்டேன். உண்மையில் வலித்தது தோள். பிறகு அதே பையைச் சுமந்துகொண்டு இறங்கினேன்.

இரண்டு நாள் ஆகியும் விரல்களுக்கு உணர்ச்சி முழுதாகத் திரும்பாததால் கிளினிக்குக்குப் போனேன். கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகள் காறை எலும்புக்கு அடியில் செல்கின்றன, கனமான பையின் வார் அங்கே நெடுநேரம் அழுத்தினால் கை மரத்துப்போகும் என்று டாக்டர் விளக்கினார். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், ஆனால் அதே தவற்றைத் திரும்பச் செய்யாதீர்கள் என்றார். எனக்கு முழுதாகச் சரியாக இரண்டு வாரம் பிடித்தது.

அதன் பிறகுதான் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ரெண்டு தடவ கேட்டேனேம்மா" என்று மட்டும் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் தையல்காரரின் அளவு நாடா.

அண்ணிதான் அளந்தார். தலையைக் குனிந்தால் கழுத்தின் பின்பக்கம் அடியில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு தெரியும். அதுதான் மேல் எல்லை. இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றினால் விரல்களுக்கு அடியில் இடுப்பு எலும்பின் மேல்விளிம்பு தட்டுப்படும். இரண்டு கட்டைவிரல்களும் முதுகில் ஒன்றையொன்று பார்க்கும் இடம், கீழ் எல்லை. இடைப்பட்ட நீளம்தான் முதுகின் அளவு. எனக்கு 41 சென்டிமீட்டர். பை வாங்கும்போது பார்க்கவேண்டியது இதைத்தான், ஆளின் உயரத்தை அல்ல. உயரமானவருக்குக் குட்டை முதுகு இருக்கலாம், குள்ளமானவருக்கு நீண்ட முதுகும் இருக்கலாம்.

அத்தை மகனின் பை நீண்ட முதுகுக்கானது. எனக்கு அதன் இடுப்பு வார் எலும்புக்கு மேல் உட்காரவில்லை, கீழே சரிந்து கிடந்தது. இடுப்பு தாங்கவேண்டிய எடை முழுவதும் தோளில் தொங்கியிருக்கிறது.

பிறகு கடைக்குப் போனோம். வெறும் பையைப் போட்டுப் பார்க்காதே, எடை வைத்துத் தரச் சொல் என்றார் அண்ணன். கடைக்காரத் தம்பி மணல் மூட்டைகளை உள்ளே வைத்தார். அதைச் சுமந்துகொண்டு கடையின் மாடிப்படியில் இருபது நிமிடம் ஏறி இறங்கினேன். மூன்றாவதாகப் போட்ட பை பொருந்தியது. முதுகு நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்த பை. தோள் வார்கள் பெண்களின் நெஞ்சுக்கு ஏற்ப வளைந்திருந்தன. விலையைக் கேட்ட அம்மாவுக்குத்தான் தலை சுற்றியது.

அடுத்த ஒரு மாதம் எங்கள் நாலு மாடிப் படிக்கட்டுதான் எனக்கு மலை. இரண்டு ஐந்து கிலோ அரிசிப் பைகளைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைப்பேன். ஓர் இரவு தங்கும் பயணத்துக்கு, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது மலையேறிகளின் பொதுவான கணக்கு. என் எடைக்குப் பத்து கிலோவும் கொஞ்சமும்தான்.

அண்ணன் சொல்லிக் கொடுத்த வரிசை இது. முதலில் எல்லா வார்களையும் தளர்த்திவிட வேண்டும். ஒரு தோள் வாரைப் பிடித்துப் பையை வீசித் தூக்கக் கூடாது. மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துத் தொடைமேல் வைத்து, ஒரு கையை நுழைத்து, பிறகு மறு கை. போட்டதும் இடுப்பு வாரைத்தான் முதலில் இறுக்க வேண்டும். அதன் நடுப்பகுதி இடுப்பு எலும்பின் விளிம்பின்மேல் உட்கார வேண்டும், வயிற்றின்மேல் அல்ல. அடுத்து தோள் வார்கள். அவை தோளைத் தழுவினால் போதும், அழுத்தக் கூடாது. அதன் பிறகு தோளுக்கு மேலே பையோடு இணைந்திருக்கும் சின்ன வார்கள். அவற்றை இழுத்தால் பையின் மேல்பாகம் முதுகோடு ஒட்டும். அவை ஏறக்குறைய 45 பாகையில் சாய்ந்திருந்தால் சரி. கடைசியாக நெஞ்சு வார். காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே, மூச்சு தாராளமாக விடும் அளவுக்கு. இப்படிச் செய்தால் எடையின் பெரும்பங்கை இடுப்பு வாங்கிக்கொள்ளும்.

அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் படியேறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

"இங்க வா. உள்ள அரிசி ஆடுது. ஆடுற பாரம் ரெட்டப் பாரம். முதுகோட ஒட்டி வையி."

அண்ணனும் பிறகு அதையேதான் சொன்னார். படுக்கைப் பை போன்ற லேசானவை அடியில், கனமானவை நடுவில் முதுகை ஒட்டி, மழைச்சட்டை எட்டும் உயரத்தில் மேலே, வெளியே எதுவும் தொங்கக் கூடாது. அம்மா எந்த மலையும் ஏறியதில்லை. "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன்.

கேட்டிருக்கவே வேண்டாம். தெரியாதவர்போல் என்னைப் பார்த்தார். "காண்டா வாளி தூக்கினவளுக்கு இது கூடவா தெரியாது?"

அம்மா இருபத்து மூன்று வருடம் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியும் முன்பே நிரைக்குப் போய் வெட்டி, பிறகு ஒவ்வொரு மங்காகப் பால் சேர்த்து, காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் வாளியை மாட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடக்க வேண்டும். ஒரு வாளியில் கூட, ஒன்றில் குறைய இருந்தால் கம்பு சாயும். அதனால் சமமாக ஊற்றிக்கொள்வார்களாம். தோளில் பழைய துணியைச் சும்மாடுபோல் மடித்து வைத்துக்கொள்வார்களாம். மழை பெய்தால் அந்தத் துணி நனைந்து வழுக்குமாம்.

சிறு வயதில் இரவுகளில் அம்மாவின் வலது தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது நினைவுக்கு வந்தது. அங்கே தோல் கறுத்து, காய்த்துப்போய் இருக்கும். எல்லா அம்மாக்களின் தோளும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். வலிக்கிறதா என்று கேட்டால் "இல்லடி, நீ தேய்" என்பார்.

லோலோவில் நான் "ஓகேண்ணே" என்று சொன்னதும் அதே குரல்தான்.

அன்று சாயங்காலம் ஓர் அரிசிப் பையை எடுத்துவிட்டு, ஐந்து கிலோவோடு பையை அம்மாவுக்கு மாட்டிவிட்டேன். முதலில் வேண்டாம் என்றார். பிறகு கையை நுழைக்கப் பார்த்தார். வலது கை பின்னால் போகவில்லை. நான்தான் பையை நகர்த்தி நுழைத்துவிட்டேன். இடுப்பு வாரை எலும்பின்மேல் வைத்து இறுக்கினேன். தோள் வாரைத் தளர்த்தினேன். அம்மா வரவேற்பறையில் நாலடி நடந்தார். நின்றார்.

"என்னா இது, தோள்ல ஒண்ணுமே இல்லியே!"

சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, கழற்றச் சொல்லிவிட்டு, தலையை வாரிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "இந்தத் தோளு இப்பலாம் ரொம்ப வலிக்குது பாப்பா. ராத்திரி இந்தப் பக்கம் படுக்க முடியல."

எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு வருடமாம். துணி காயப்போடும் கம்பியை நான் ஏன் தாழ்வாகக் கட்டவேண்டியிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. அம்மா சொன்னார், நான் கட்டினேன். ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த வாரமே அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். தோள் மூட்டு இறுகிப் போயிருக்கிறது என்றார்கள். வாரம் ஒருமுறை இயன்முறை சிகிச்சை. வீட்டில் சுவரில் விரல்களால் மேலே நடக்கும் பயிற்சி. எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைக்கிறேன். கோடு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது.

மூன்று மாதம் கழித்து மறுபடி நுவாங் போனேன். 10 கிலோ. அந்த முடிவில்லாப் பாதையில் இரண்டு முறை நின்று வார்களைச் சரிசெய்தேன். நடக்க நடக்கப் பை தளரும், சரிசெய்ய நிற்பது பலவீனம் இல்லை. ஆற்றைக் கடக்கும்போது இடுப்பு வாரையும் நெஞ்சு வாரையும் கழற்றிவிட்டேன். தண்ணீரில் விழுந்தால் பையை உடனே உதற முடியவேண்டும். மறுநாள் பையைக் கூடாரத்தில் விட்டு உச்சிக்குப் போனேன். மேகமாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கீழே வந்ததும் போத்தலை நானே திறந்து தண்ணீர் குடித்துவிட்டு அம்மாவை அழைத்தேன்.

"தோள் எப்படி இருக்கும்மா?"

"இன்னிக்குக் கொஞ்சம் வலிதான். உனக்கு?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தோள் நல்லா இருக்கும்மா. முட்டிதான் வலிக்குது."

"வா, எண்ணெய் சூடு பண்ணி வைக்கிறேன்" என்றார்.